தடை கேட்பதா, காவல் கேட்பதா?

(சட்டக் கல்லூரி மாணவர்கள் கூட்டிய பொது அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு சங்கடமானது. ஒரு பிரிவினரை மனிதர்களாகவே மதிக்காத இயக்கம் ஒன்று, அந்தப் பிரிவினர் குடியிருக்கும் ஊரிலேயே ஊர்வலம் போக அனுமதி கேட்கிறது. கொடுத்தால் அங்கே இருப்பவர்கள் நிம்மதியாக வாழ்வது எப்படி? மறுத்தால், நாளை உங்களுக்கும் எனக்கும் அதே மறுப்பு வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அதற்காக நீங்கள் என்னை அழைக்கவில்லை. ஆகவே என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசிடம் நாம் கேட்க வேண்டியது காவல். தடையை மிக அரிதாகவே கேட்க வேண்டும். அதையும் எல்லை வகுத்துக் கேட்க வேண்டும். இதைச் சில வழக்குகளை முன்வைத்துச் சொல்கிறேன்.

ஸ்கோக்கியில் நடந்தது

அமெரிக்காவில், சிகாகோவுக்கு வடக்கே ஸ்கோக்கி என்று ஒரு புறநகர் ஊர். 1977-இல் அங்கே சுமார் 70,000 பேர் வசித்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் யூதர்கள். ஹிட்லரின் வதைமுகாம்களிலிருந்தும் வேட்டையிலிருந்தும் உயிர் தப்பி வந்தவர்கள் மட்டும் சில ஆயிரம் பேர் இருந்தார்கள்.

சிகாகோவின் தென்மேற்கே மார்க்வெட் பூங்கா வட்டாரத்தில் பிராங்க் காலின் என்பவர் ஒரு சிறிய நாஜிக் கட்சி நடத்திவந்தார். கறுப்பின மக்கள் அந்த வட்டாரத்துக்குள் குடிவரக் கூடாது என்பது அவருடைய முதல் முழக்கம். பூங்காவில் கூட்டம் போட வேண்டுமானால் பெருந்தொகைக்குக் காப்பீட்டுப் பத்திரம் கொண்டுவா என்றது சிகாகோ பூங்கா நிர்வாகம். நாஜிகளுக்குக் காப்பீடு எழுதித் தர யார் முன்வருவார்கள்? பூங்காக் கதவு அடைபட்டதும் காலின் புறநகர் ஊர்கள் பலவற்றுக்கு அனுமதி கேட்டு எழுதினார். மற்ற ஊர்கள் கடிதத்தைச் சட்டைசெய்யவில்லை. ஸ்கோக்கி பதில் எழுதியது: 3,50,000 டாலருக்குக் காப்பீடு காட்டினால் பார்க்கலாம். அந்த நிபந்தனையை எதிர்த்தே ஊர் மன்ற அலுவலகத்தின் முன்னால் 20, 30 நிமிடம் அட்டை பிடித்து நிற்போம், 30 முதல் 50 பேர் வருவோம், நாஜிச் சீருடையும் ஸ்வஸ்திகாவும் அணிந்திருப்போம் என்று அறிவித்தார் காலின். நாள் 1977 மே 1.

ஊர்த் தலைவர்களின் முதல் யோசனை, வந்து நின்றுவிட்டுப் போகட்டும், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பதுதான். முகாம்களிலிருந்து மீண்டவர்கள் அதை ஏற்கவில்லை. ஐரோப்பாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டதன் பலனைத் தங்கள் குடும்பத்தோடு அனுபவித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கொதிப்பைக் கண்ட ஊர் நிர்வாகம் நீதிமன்றம் போனது. ஏப்ரல் 29-ஆம் தேதி தடையாணை கிடைத்தது. மே 2-இல் ஊர் மன்றம் மூன்று சட்டங்களை நிறைவேற்றியது. ஊர்வலத்துக்குக் காப்பீடு கட்டாயம். இன வெறுப்பைத் தூண்டும் எதையும் பரப்பக் கூடாது. ராணுவ பாணிச் சீருடையில் அரசியல் ஊர்வலம் போகக் கூடாது.

நாஜிகளுக்காக வாதாட வந்தவர் டேவிட் கோல்ட்பெர்கர் என்ற யூத வழக்கறிஞர். அவரை அனுப்பியது குடிமை உரிமைகளுக்காகப் போராடும் ஏ.சி.எல்.யூ. என்ற சங்கம். சங்கத்தின் அப்போதைய நிர்வாக இயக்குநர் ஆர்யே நையர், பெர்லினில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே நாஜிகளிடமிருந்து தப்பி வெளியேறியவர். தம் உறவுகளைக் கொன்றவர்களின் கொடியைத் தூக்கிக்கொண்டு வருபவனுக்கு நம் சந்தாப் பணத்திலா வக்கீல் என்று கேட்டு ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் விலகிப் போனார்கள். அந்தக் கோபத்தைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வழக்கு மேலும் கீழும் அலைந்தது. 1977 ஜூன் 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பேச்சுக்குத் தடை போட்டால் மேல்முறையீட்டை உடனே விசாரி, இல்லையேல் தடையை நிறுத்திவை என்று இலினாய் மாநில நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டது. 1978 ஜனவரியில் இலினாய் உச்ச நீதிமன்றம் ஸ்வஸ்திகா அணிவதையும் தடுக்க முடியாது என்றது. பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிபதி பெர்னார்ட் டெக்கர் அந்த மூன்று ஊர்ச் சட்டங்களையும் செல்லாதவை ஆக்கினார். மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

வென்றவர் காலின். ஆனால் நாஜிகள் கடைசிவரை ஸ்கோக்கிக்கு வரவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது மார்க்வெட் பூங்கா. 1978 ஜூனில் கூட்டாட்சி நீதிபதி ஜார்ஜ் லைட்டன், காப்பீட்டைக் காரணம் காட்டி அந்தப் பூங்காவை மறுக்கக் கூடாது என்றார். லைட்டன் கறுப்பினத்தவர். ஸ்கோக்கி ஊர்வலத்தைக் கைவிட்ட காலின், ஜூன் 24 அன்று சிகாகோ நகர நடுவில் ஏறத்தாழ இருபது பேரோடு நின்றார். சுற்றிலும் ஆயிரக்கணக்கான எதிர்ப்பாளர்கள், நடுவில் காவலர்கள். எழுந்த கூச்சலில் அவர் பேசியது காதில் விழவில்லை. கூட்டம் சீக்கிரமே கலைந்தது.

ஸ்கோக்கியின் முதியவர்கள் அதோடு வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. இத்தனை ஆண்டுகள் தம் பிள்ளைகளிடம்கூடப் பேசாதிருந்ததைப் பொதுவில் பேசத் தொடங்கினார்கள். 1981-இல் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். ஒரு கடையளவு இடத்தில் சிறிய அருங்காட்சியகம் வைத்தார்கள், பள்ளி பள்ளியாகப் போனார்கள். யூத இனப்படுகொலையைப் பள்ளிகளில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் முதன்முதலாகச் சட்டம் செய்த மாநிலம் இலினாய். அது 1990-இல் நடைமுறைக்கு வந்தது. 2009-இல் ஸ்கோக்கியிலேயே பெரிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. காலினின் கட்சி இன்று இல்லை.

கிங்கைச் சிறைக்கு அனுப்பிய ஆணை

நாஜிகளுக்கு இந்த உரிமையை நீதிமன்றங்கள் ஏன் கொடுத்தன? நாஜிகள் மீது பரிவு கொண்டு அல்ல. ஸ்கோக்கி கையில் எடுத்த கருவிகளில் சில அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் வேறொருவர் மீது வீசப்பட்டவை.

1963 ஏப்ரலில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில், ஊர்வலம் போகக் கூடாது என்று நீதிமன்றத் தடையாணை வாங்கியது நகர நிர்வாகம். அமைதி கெடும் என்பதுதான் காரணம். ஆணையை மீறி நடந்த மார்ட்டின் லூதர் கிங், புனித வெள்ளியன்று கைதானார். 1961-இல் தென் கரோலினா மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் அமைதியாக நடந்த 187 கறுப்பின மாணவர்களும், வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டம் கலகம் செய்யக்கூடும் என்று சொல்லித்தான் கைதுசெய்யப்பட்டார்கள். 1963-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்துசெய்தது. எதிரே நிற்பவன் கோபப்படுவான் என்பதற்காகப் பேசுகிறவன் வாயை அடைக்கக் கூடாது என்ற கொள்கை அப்படிப்பட்ட வழக்குகளில்தான் உரம் பெற்றது.

மார்க்வெட் பூங்காவுக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. 1966 ஆகஸ்டில், கறுப்பின மக்களுக்கு வீடு மறுக்கப்படுவதை எதிர்த்து அதே வட்டாரத்தில் கிங் ஊர்வலம் நடத்தினார். வெள்ளையர் கூட்டம் எறிந்த கல் அவர் தலையில் பட்டது. ஊரார் மனம் கொதிக்கிறது என்பதுதான் ஊர்வலத்தைத் தடுக்கக் காரணம் என்றால், அன்று தடுக்கப்பட வேண்டியவர் கிங். இதை நினைவில் வைத்துக்கொண்டு ஸ்கோக்கித் தீர்ப்பைப் படியுங்கள்.

ஸ்கோக்கித் தீர்ப்புகளுக்குப் பின்னணியில் இருந்த இன்னொரு தீர்ப்பு 1969-இல் வந்த பிராண்டன்பர்க். ஒகையோ மாநிலத்தில் ஒரு பண்ணையில் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவாத அமைப்பின் தலைவர் ஒருவர் முகமூடி அணிந்தவர்களைக் கூட்டிவைத்து, தொலைக்காட்சி நிருபரையும் வரவழைத்துப் பேசினார். கறுப்பினத்தவரையும் யூதரையும் இழிவாகப் பேசி, பழிவாங்கும் நாள் வரலாம் என்று சொன்னார். அவருக்கு விதித்த தண்டனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. உடனடியாக ஒரு சட்டவிரோதச் செயலை நடத்திவைக்கும் நோக்கத்தோடு பேசியிருக்க வேண்டும். அப்பேச்சால் அது நடக்கக்கூடிய நிலைமையும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் குற்றம் என்றது நீதிமன்றம். உலகிலேயே பேச்சுக்கு மிக அகலமான இடம் விடும் அளவுகோல் இதுதான்.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. அதை நான் ஒளித்துவைக்க மாட்டேன். ஜெரமி வால்ட்ரன் என்ற சட்டத் தத்துவ அறிஞர் 2012-இல் வெளியிட்ட நூலில் முன்வைக்கும் வாதத்தின் சாரம் இது. வெறுப்புப் பேச்சின் தீங்கு அன்றைய கலவரத்தோடு முடிவதில்லை. தெருவில் இறங்கினால் தானும் மற்றவர்களைப் போல ஒரு மனிதர் என்ற நம்பிக்கையோடு எல்லோரும் நடமாட வேண்டும். வெறுப்புப் பேச்சு அந்த நம்பிக்கையை அரிக்கிறது. உனக்கு இங்கே இடமில்லை என்று சுவரெல்லாம் எழுதிவைத்தால், கல்லெறியாமலே ஒருவனை ஊரைவிட்டு விரட்டலாம். சாதியின் பெயரால் ஏச்சு வாங்கிய எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. சுதந்திரப் பேச்சுக்கு விலை உண்டு. அந்த விலையைப் பேசுகிறவர் கொடுப்பதில்லை, பேசப்படுகிறவர் கொடுக்கிறார். இதை ஒப்புக்கொள்ளாத சுதந்திரவாதியிடம் எனக்கு மரியாதை இல்லை. இதற்குப் பரிகாரம் தடைதானா என்பதில்தான் நான் வால்ட்ரனிடமிருந்து வேறுபடுகிறேன்.

ஒரு மரத் தடுப்பு

ஸ்கோக்கிக்கு நாற்பது ஆண்டு கழித்து, 2017 ஆகஸ்டில் வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகரில் இதே கேள்வி வந்தது. உள்நாட்டுப் போரில் அடிமை முறைத் தென்மாநிலங்களின் படைத் தளபதியாக இருந்த ராபர்ட் லீயின் சிலையை அகற்றும் முடிவை எதிர்த்து வெள்ளை இனவாதிகளும் புதிய நாஜிகளும் கூடினார்கள். கூட்டத்தை ஊருக்கு நடுவே உள்ள பூங்காவிலிருந்து சற்றுத் தள்ளிய பெரிய பூங்காவுக்கு மாற்ற நகர நிர்வாகம் விரும்பியது. ஏ.சி.எல்.யூ.வின் மாநிலக் கிளை அமைப்பாளர் பக்கம் நின்று வழக்காடியது. முதல் நாள் மாலை தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. அன்றிரவே பல்கலைக்கழக வளாகத்தில் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் போனார்கள். மறுநாள் தடி, கேடயம், தலைக்கவசம் என்று போருக்குப் போவதுபோல் வந்தார்கள். துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துச் செல்ல அந்த மாநிலச் சட்டம் அனுமதித்தது. அவர்களில் ஒருவன் எதிர்ப்பாளர் கூட்டத்துக்குள் காரை ஏற்றினான். ஹெதர் ஹேயர் என்ற 32 வயதுப் பெண் உயிரிழந்தார். பலர் படுகாயமடைந்தார்கள்.

நீதிமன்றம் அனுமதி கொடுத்ததால்தான் இந்தச் சாவு என்று சொன்னவர்கள் நிறையப் பேர். ஆனால் முன்னாள் அரசு வழக்கறிஞர் டிமத்தி ஹீஃபி தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2017 டிசம்பரில் வந்தபோது வேறு படம் தெரிந்தது. இரு தரப்பையும் பிரித்து நிறுத்தக் காவல் துறை திட்டமிடவில்லை. கண்ணெதிரே அடிதடி நடந்தபோது காவலர்கள் தடுப்புகளுக்குப் பின்னால் நின்றார்கள். கார் பாய்ந்த அந்தத் தெருமுனையில் முதலில் நிறுத்தியிருந்தது ஒரே ஒரு பெண் காவலரை. நிலைமைக்கு அஞ்சிய அவரும் விலக்கிக்கொள்ளப்பட்ட பிறகு, தெருவை மறித்து நின்றது ஒரு மரத் தடுப்பு மட்டுமே.

சிகாகோவில் 1978-இல் இருந்தது, சார்லட்ஸ்வில்லில் 2017-இல் இல்லாமல் போனது காவல். இரண்டு ஊரிலும் நாஜிகள் நின்றார்கள், இரண்டு ஊரிலும் எதிர்ப்பாளர்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். ஓரிடத்தில் இரு கூட்டத்துக்கும் நடுவே அரசு நின்றது. மற்றோரிடத்தில் அரசு ஒதுங்கி நின்றது.

அதன்பிறகு நடந்தவை கவனிக்கத் தக்கவை. ஆயுதத்தோடு வருபவர்களுக்கு வழக்காட மாட்டோம் என்றது ஏ.சி.எல்.யூ. காரை ஏற்றியவன் ஆயுள் தண்டனை பெற்றான். தனியார் ஆயுதக் குழுக்கள் அணியாகத் திரண்டு அந்த நகருக்கு மீண்டும் வருவதில்லை என்று நீதிமன்றத்தில் கட்டுப்பட வேண்டிவந்தது. காயம்பட்டவர்கள் அமைப்பாளர்கள் மீது உரிமையியல் வழக்குத் தொடர்ந்தார்கள். வன்முறையை முன்கூட்டியே திட்டமிட்டதற்கு அவர்கள் தமக்குள் இணையத்தில் பேசிக்கொண்ட உரையாடல்களே சாட்சியாயின. 2021 நவம்பரில் ஜூரிகள் 2.5 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தார்கள். கருத்துக்குத் தடை போடாமலே, செயலுக்கும் சதிக்கும் ஆயுதத்துக்கும் விலை கொடுக்கவைத்தது சட்டம்.

வானொலியும் வெட்டரிவாளும்

அப்படியானால் எதையும் பேசலாமா? ருவாண்டாவை மறந்துவிட்டீர்களா என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நானே சொல்லியாக வேண்டும். ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி 1993 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கியது. நல்ல பாட்டு, கேலி, கிண்டல் என்று இளைஞர்களை ஈர்த்தது. டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று நாள்தோறும் சொல்லிச் சொல்லிப் பழக்கியது. 1994 ஏப்ரலில் கொலை தொடங்கியதும், இன்னார் இங்கே இருக்கிறார், இன்ன வண்டியில் போகிறார் என்று ஆள் அடையாளத்தோடு ஒலிபரப்பியது. சுமார் நூறு நாட்களில் லட்சக்கணக்கானோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2003-இல் சர்வதேசத் தீர்ப்பாயம் அந்த ஊடகக்காரர்களைத் தண்டித்தது.

ஒருவர் இருக்கும் இடத்தைக் கொலைகாரனுக்குச் சொல்வதைக் கருத்து என்று எந்தச் சட்டமும் ஏற்காது. பிராண்டன்பர்க் அளவுகோலின்படியும் அது குற்றமே. ருவாண்டாவில் பேச்சைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லாதது சிக்கலல்ல. அந்த வானொலிக்குப் பின்னால் ஆட்சியதிகாரத்தின் நெருங்கிய வட்டமே இருந்தது. தடை போடும் அதிகாரம் யார் கையில் இருந்ததோ, அவர்கள் கொலைகாரர் பக்கம் இருந்தார்கள்.

ஜெர்மனி வேறொரு பாடம் தருகிறது. ஹிட்லர் பொதுக்கூட்டத்தில் பேசக் கூடாது என்று பவேரிய அரசு 1925 முதல் 1927 வரை தடைவிதித்திருந்தது. நாஜிகள் அதையே சுவரொட்டியாக்கினார்கள். வாய் ஒட்டப்பட்ட ஹிட்லரின் முகத்தைப் போட்டு, உலகில் இவர் ஒருவருக்குத்தான் ஜெர்மனியில் பேச உரிமையில்லை என்று அனுதாபம் தேடினார்கள். அன்றைய ஜெர்மன் குடியரசில், அரசியல் கொலை செய்த வலதுசாரிகளை நீதிமன்றங்கள் சொற்பத் தண்டனையோடு விட்டுவந்தன. அவன் பேச்சுக்குத் தடை, அவன் ஆட்களின் கைக்குத் தளர்ச்சி: குடியரசு அழிந்ததற்கு இந்தத் தலைகீழ் நடைமுறையும் ஒரு காரணம்.

நம் சட்டம், நம் கை

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இதில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. பம்பாயிலிருந்து வெளிவந்த இடதுசாரி வார இதழ் 'கிராஸ் ரோட்ஸ்'. அது மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று 1950-இல் சென்னை அரசு தடைவிதித்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போய் வென்றார். அதே நாளில் அதே நீதிமன்றம், ஆர்.எஸ்.எஸ். சார்பு இதழான 'ஆர்கனைசர்' மீது டெல்லி நிர்வாகம் விதித்த முன்தணிக்கையையும் ரத்துசெய்தது. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. யார் பேசுகிறார் என்று பார்த்து உரிமையை அளக்கவில்லை. அந்தத் தீர்ப்புகளின் எதிரொலியாகவே 1951-இல் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் 'பொது ஒழுங்கு' சேர்ந்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற காப்பும் கூடவே சேர்ந்தது.

ஆகவே அமெரிக்க அளவுகோல் நமக்கு அப்படியே பொருந்தாது. மதம், சாதி, மொழி அடிப்படையில் பகை வளர்ப்பதை நம் தண்டனைச் சட்டம் குற்றமாக்குகிறது. பழைய 153ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவு. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் இழிவுபடுத்துவதைத் தண்டிக்க 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனியாக உண்டு. நம் சமூகத்தின் வரலாற்றைப் பார்த்தால் இவை தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சட்டம் போதவில்லை என்று சொல்கிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

153ஏ வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க வேண்டுமானால் அரசின் முன்அனுமதி வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 196-ஆவது பிரிவு அப்படிச் சொன்னது. புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. பூட்டு வாங்கி மக்களிடம் கொடுத்துவிட்டுச் சாவியை அரசு தன் இடுப்பில் செருகிக்கொண்ட கதை இது. ஆளுங்கட்சிக்கு வேண்டியவர் பேசினால் அனுமதி வராது. வேண்டாதவர் பேசினால் பல ஊர்களில் ஒரே நாளில் வழக்குப் பதிவாகும். வெறுப்புப் பேச்சுக்கு, புகார் வரும்வரை காத்திராமல், பேசியவரின் மதம் பார்க்காமல் தாமாகவே வழக்குப் பதியுங்கள் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் டெல்லி, உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் காவல் துறைகளுக்கும், 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட வேண்டிவந்தது. சட்டத்தில் ஓட்டை இருந்ததால் வந்த உத்தரவல்ல அது. கை நடுங்கியதால் வந்த உத்தரவு.

அண்டை நாட்டில் இது இன்னும் கசப்பாக நடந்தது. இலங்கையில் 2014 ஜூனில் பொது பல சேனா என்ற சிங்கள பௌத்த அமைப்பின் கூட்டம் முடிந்த கையோடு அளுத்கமவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் போயின. மேடையில் பேசிய தேரர் மீது அன்று சட்டம் பாயவில்லை. முஸ்லிம்களுக்கு எதிரான பேச்சுக்காக அவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது 2024-இல், அதுவும் வேறொரு பேச்சுக்காக. இடையில் 2020 மே மாதம், மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞர், தமிழில் எழுதிய கவிதை நூலில் தீவிரவாதம் இருக்கிறது என்ற குற்றச்சாட்டில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. சமூகத்தின் பாதுகாப்புக்கு என்று சொல்லி அரசுக்குக் கொடுத்த அதிகாரம், எந்தச் சமூகம் பாதுகாப்பை இழந்து நின்றதோ அதன் கவிஞரையே பிடித்து உள்ளே வைத்தது. தடை கேட்கும்போதெல்லாம் இந்த இரண்டு பேரின் கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். இடஒதுக்கீட்டைப் பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' திரைப்படத்தின் தணிக்கைச் சான்றைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. வெளியிட்டால் கலவரம் வரும் என்றது அரசு. 1989-இல் உச்ச நீதிமன்றம் படத்துக்கு அனுமதி கொடுத்தது. மிரட்டலுக்குப் பயந்து பேச்சுரிமையைப் பறித்தால், மிரட்டுகிறவனிடம் சட்டத்தின் ஆட்சியை ஒப்படைத்ததாகும். எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். ஆபத்து தொலைவில் உள்ள ஊகமாக இருக்கக் கூடாது; வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல் பேச்சோடு ஒட்டியிருக்க வேண்டும் என்றும் சொன்னது. எனக்குத் தெரிந்தவரை இந்த விவாதத்தில் நம் மண்ணிலிருந்து கிளம்பிய மிகச் சிறந்த அளவுகோல் இது. இங்கே வழக்காடப்போகும் மாணவர்கள் ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன்ராம் என்ற அந்தத் தீர்ப்பை ஒருமுறையாவது முழுமையாகப் படிக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அப்படியானால் ஒரு வெறுப்பு இயக்கம் அனுமதி கேட்டு வரும்போது என்ன செய்வது? சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

முதலாவது, சொல்வது கருத்தா, ஏவலா? ஒரு மதம் பிழையானது என்பது கருத்து. அந்த மதத்தாரின் கடையில் வாங்காதே, அவர்களை ஊருக்குள் விடாதே என்பது ஏவல். இன்னாரை இன்ன தெருவில் தாக்கு என்பது குற்றம்.

இரண்டாவது, எந்த இடம்? ஊர்ப் பொதுத்திடல் எல்லோருக்கும் உரியது. ஒருவர் வீட்டு வாசல் அப்படியல்ல. தனி ஒருவரின் வீட்டைக் குறிவைத்து மறியல் செய்வதைத் தடுக்கும் ஊர்ச் சட்டத்தை, பேச்சுரிமையில் கறாரான அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1988-இல் சரியென்று ஏற்றிருக்கிறது. வழிபாட்டு நேரத்தில் வழிபாட்டு இடத்தின் வாசலில் நின்று முழங்குவது பேச்சைவிட முற்றுகைக்கே நெருக்கமானது. பாதையை மாற்று, நேரத்தை மாற்று என்று சொல்ல அரசுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

மூன்றாவது, கையில் என்ன இருக்கிறது? வாளோடும் தடியோடும் வருகிறவன் பேச வரவில்லை. இதில் சலுகையே கூடாது.

நான்காவது, யார் பேசுகிறார்? 2020-இல் அமிஷ் தேவ்கன் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், பேசுகிறவரின் செல்வாக்கும் பொறுப்பும் கணக்கில் வரும் என்று சொல்லியிருக்கிறது. அமைச்சரும் தேநீர்க் கடையில் பேசுகிறவரும் ஒன்றல்ல. ஆனால் நடைமுறையில் தேநீர்க் கடைக்காரர்தான் சிறைக்குப் போகிறார்.

ஐந்தாவது, கலவரம் எந்தப் பக்கத்திலிருந்து வரும்? பேசுகிறவரின் ஆட்களே தாக்கத் தயாராக இருந்தால் அவர்களைத் தடுக்க வேண்டும். கேட்கிறவர்களின் கோபத்தால் வரும் என்றால் இருவருக்கும் நடுவில் போலீஸ் நிற்க வேண்டும். மனம் புண்பட்டது என்பது மட்டும் தடைக்குப் போதுமான காரணம் ஆகாது. அது போதும் என்றால் பெரியாரின் ஒரு கூட்டமும் நடந்திருக்காது.

தடை கேட்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னையில் கூட்டம் நடத்த முன்அனுமதி கேட்கும் சட்டம் 1888-இல் வெள்ளைக்காரன் போட்டது. நம் போராட்டங்களுக்கும் இன்றுவரை அதே 41-ஆவது பிரிவுதான். மீனவர் கூட்டத்துக்கும் தூய்மைப் பணியாளர் ஊர்வலத்துக்கும் அனுமதி மறுக்கும்போது 'பொது அமைதி' என்ற அதே இரண்டு சொற்களைத்தான் அதிகாரிகள் எழுதுகிறார்கள்.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை அரசு வழக்கறிஞர் ஆவீர்கள், சிலர் நீதிபதி ஆவீர்கள். தடையாணைக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, எத்தனை காவலரை நிறுத்தத் திட்டமிட்டீர்கள், ஆயுதத்தைத் தடுக்க என்ன ஏற்பாடு, போன முறை மிரட்டியவர் மீது போட்ட வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். இவற்றுக்குப் பதில் இல்லாத அரசுக்குத் தடை கேட்கும் தகுதி இல்லை. மிரட்டப்பட்ட மக்கள் உங்களிடம் வந்தால், அவர்கள் வீட்டு வாசலில் காவல் நிற்கவும், மிரட்டியவர் கூண்டில் ஏறவும் வழக்காடுங்கள். அவர்கள் அச்சத்தைப் போக்குவது அரசின் கடமை. வாய்களை மூடிவிட்டு அந்தக் கடமையை முடித்ததாகக் கணக்குக் காட்ட எந்த அரசையும் விடாதீர்கள்.